அசை போடாத தீனி

மூன்று மான்கள் தோட்டத்து வேலியோரம் செத்துக் கிடந்தன. ஓர் ஆண்மான், இரண்டு பிணைமான்கள். காலை ஆறரைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த தோட்டக்காரர்தான் முதலில் பார்த்தார். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே அவர் சட்டைப் பையில் போனைத் தேடுவதற்குள் வனத்துறை ஜீப் வந்து நின்றது. ஏழே கால் மணிக்கு அவர் அதே ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கேள்விப்பட்ட யாரும் ஆச்சரியப்படவில்லை. அவரைக்கொடியை மான்கள் மேய்ந்துவிட்ட ஆத்திரத்தில், "விஷம் வெச்சே ஒவ்வொண்ணா தீர்க்கலைன்னா பாருங்க!" என்று போன வாரம்தான் டீக்கடையே அதிரக் கத்தியிருந்தார். உண்மையில் கொசுவை அடிப்பதற்கு முன்புகூட இரண்டு முறை திட்டி எச்சரிக்கை கொடுக்கிற ஆள் அவர். அந்தக் கொசுவும் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் வாயை வைத்துத்தானே ஊர் ஆளை எடை போடுகிறது?

எட்டு மணிக்கு மாட்டு டாக்டர் வந்து சேர்ந்தாள். அரசு கால்நடை மருத்துவர் என்பது பலகையில் இருக்கும் பெயர். எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் முதலில் குனிந்து சாணத்தைப் பார்ப்பதால் ஊர் வைத்த பெயர் சாணி டாக்டர். அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. வாய் பொய் சொல்லும், சாணி சொல்லாது என்பாள்.

அவளுக்கு அன்று காலையில் இரண்டு போன் வந்திருந்தன. முதலாவது அக்காளிடமிருந்து. "மாமாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கடி. சாயங்காலம் பெரிய அதிகாரி வந்ததும் கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். ஏழு வருஷம் உள்ள போடலாம்னு பேசிக்கிறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." இரண்டாவது ரேஞ்சரிடமிருந்து. வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

"அந்த ஆளு உங்க அக்கா வீட்டுக்காரர்னு தெரியும், மேடம்," என்றார் ரேஞ்சர், அவள் பையை இறக்கும்போதே. உயரமான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. "வேற டாக்டர் வர்றதுக்குள்ள வெயில்ல நாறிடும். சட்டுனு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா எரிச்சிடலாம். உங்களுக்கும் சங்கடம் இல்ல."

"எனக்கு என்ன சங்கடம் சார்? சொந்தக்காரிதான். அதனால என் வார்த்தைய நீங்க நம்பவே வேணாம். நான் அறுக்கும்போது பக்கத்துலயே நின்னு பாருங்க. உங்க ஃபாரஸ்ட் கார்டும் நிக்கட்டும். எடுக்கறதையெல்லாம் ரெண்டு பங்காப் பிரிச்சு உங்ககிட்ட ஒண்ணு குடுத்துடறேன்."

"அறுக்கணுமா? பாத்தாலே தெரியுதே, விஷம்னு."

"பாத்தாலே தெரிஞ்சா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வழக்கம்போல வால் பக்கம் போய்க் குனிந்தாள்.

மூன்றுக்கும் ஒரே கோலம். இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. பின்னங்கால் முழுக்கக் கழிச்சல், அதில் மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோள மணிகள். குளம்பிலிருந்து முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வாயில் நுரை இல்லை, காலை உதைத்துத் துடித்த அடையாளமும் இல்லை. வேலியோரத்துச் செம்மண் புழுதி அப்படியே கலையாமல் கிடந்தது.

கொஞ்சம் தள்ளி, தோட்டக்காரரின் நாய் படுத்திருந்தது. விடியற்காலையிலேயே ஒரு பிணைமானின் வயிற்றைக் கிழித்து வேண்டியதைத் தின்றுவிட்டு, காலை வெயிலில் நான்கு காலையும் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் அதன் ஈறைத் தூக்கிப் பார்த்தாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது.

"நாய்க்கு வைத்தியம் அப்புறம் பாக்கலாம், மேடம்," என்றார் ரேஞ்சர்.

"ஆமா சார், அதுக்கு வைத்தியமே தேவைப்படல," என்றாள் அவள்.

ஆண்மானின் வயிற்றைத் திறந்ததும் புளித்த மாவு வாடை குப்பென்று அடித்தது. கார்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே தண்ணீராய்க் கரைந்து கிடந்த தீனியில் டாக்டர் ஒரு நீல லிட்மஸ் தாளை நனைத்தாள். தாள் சிவந்தது. பிறகு கையை விட்டு அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்பினாள்.

பெரும்பகுதி பழுப்புக் கூழ். மரப்பட்டை நார், காய்ந்த இலை, எல்லாம் நன்றாக அரைபட்டு மை போல இருந்தது. அந்தக் கூழுக்கு நடுவே இரண்டு பொருள்கள் மட்டும் அரைபடாமல் கிடந்தன. ஒன்று, முழு மக்காச்சோளம், படி படியாக. இன்னொன்று, விரல் அகலத்துக்குத் தட்டையான, வைக்கோல் நிற வாகை நெற்றுகள். பச்சை என்று சொல்ல ஒரு துணுக்குகூட இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் ரேஞ்சர். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. "சோளம். அதுலதான் மருந்தைக் கலந்திருக்கான். வேலியோரம் காலி சாக்குகூட கெடச்சுது. ஷெட்டுல பூச்சி மருந்து டின் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"எல்லாமே ரொம்ப சௌகரியமாத்தான் இருக்கு சார்," என்றாள் டாக்டர். மற்ற இரண்டு வயிற்றிலும் அதே கூழ், அதே சோளம், அதே நெற்று. அவள் ஆறு பாட்டில்களில் அடைத்து, மூன்றை கார்டின் கையில் கொடுத்தாள்.

பத்து மணிக்கு அக்காளுடன் தோட்டத்தைச் சுற்றி வந்தாள். அவரைப் பந்தல் கீழ்வரிசை முழுக்க மொட்டையாக இருந்தது. பந்தலடியில் கிடந்த மான் புழுக்கைகளை ஒன்றிரண்டு உடைத்துப் பார்த்தாள். உள்ளே கரும்பச்சை. அக்காள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ஏன்டி, அந்த மனுஷன் உள்ள கெடக்கிறாரு, நீ புழுக்கை பொறுக்கிட்டிருக்க?"

"அதைத்தாங்க்கா அவருக்காகப் பொறுக்கறேன். வீட்டுல சோளம் இருக்கா?"

"கோழிக்குப் போடறது இருக்கு."

ஷெட்டில் ஒரு மூட்டை இருந்தது. டாக்டர் கையை விட்டு அள்ளினாள். குருணையாக உடைத்த சோளம்.

"முழுசா வாங்க மாட்டீங்களா?"

"குஞ்சுங்க எப்படித் திங்கும்? எப்பவும் உடைச்சதுதான்." அக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லு. அவர் வெச்சிருப்பாரோன்னு உனக்கு ஒரு துளி சந்தேகம்கூட இல்லையா?"

"உனக்கு இருக்கா?"

"தெரியலடி. ராத்திரியெல்லாம் பந்தலைப் பாத்துப் பாத்துப் புலம்பினாரு. பயமா இருக்கு."

"எனக்கு இல்ல. நீ போய்ச் சோறு பொங்கி வை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குழம்புல உப்பு கம்மின்னு கத்தப் போறாரு, பாரு."

அவள் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கணக்கு பாதி முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். மீதிப் பாதிக்குத்தான், மான்களுக்குச் சோளம் போடுகிற மலையடிவாரத்துச் சுற்றுலா விடுதிக்குப் போனாள்.

விடுதியின் பின்புறப் புல்வெளியில், சாப்பாட்டு மேஜைகளுக்கு எதிரே, ஐந்து மான்கள் ஒரு மரத்தொட்டியில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தன. மேலே காடு முழுக்கச் சருகாகிக் கிடக்கிற இந்தக் கோடையிலும் அவற்றின் முதுகு எண்ணெய் தடவியது போல் மின்னியது. தொட்டியில் முழு மக்காச்சோளம்.

விடுதிக்காரர் குள்ளம், தொப்பை, கலகலப்பு. "எங்க வீட்டுப் பிள்ளைங்க மாதிரி, டாக்டரம்மா. மூணு வருஷமா தினம் போடறோம். ஒரு நாளு, ஒரு வேளை தவறினது இல்ல. இதுங்களைப் பாக்கறதுக்குன்னே ரூம் எடுக்கறாங்க."

"எதுக்காவது வயித்துக்கு முடியாம போயிருக்கா?"

"சே சே! கல்லைத் தின்னாலும் செரிக்கும். போன மாசம் ரேஞ்சரே வந்து பாத்துட்டு அசந்துட்டாரு. 'எங்க மானெல்லாம் எலும்பும் தோலுமா கெடக்கு, உங்களது மட்டும் எப்படிய்யா கொழுகொழுன்னு இருக்கு'ன்னாரு." சட்டென்று அவர் முகம் மாறியது. "ஏன் கேக்கறீங்க? அந்த மூணும் சோளம் தின்னுதான் செத்துச்சுன்னு சொல்றாங்களே... என் சோளத்துல ஒண்ணும் இல்லம்மா. இதோ பாருங்க!" என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடகடவென்று மென்றார். கடவாய்ப் பல்லில் ஏதோ சிக்கிக்கொண்டது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க சோளத்துல ஒண்ணும் இல்ல. நான் நம்பறேன்," என்றாள் டாக்டர். "பல் டாக்டரைப் பாருங்க."

பகல் இரண்டு மணிக்கு அவள் வனத்துறை அலுவலகத்தில் இருந்தாள். உள் அறை ஜன்னல் வழியாகத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "சாமி சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலம்மா. திட்டினது வாஸ்தவம். யாருதான் திட்டல?"

"தெரியும் மாமா. இன்னும் ரெண்டு மணி நேரம் வாயை மட்டும் மூடிட்டு இருங்க. அது போதும்."

ரேஞ்சர் மேஜையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி வருடாந்திர மான் கணக்கெடுப்புக்காக நாளை வருவதாக இருந்தவர். இந்த விவகாரம் தெரிந்து இன்றைக்கே கிளம்பிவிட்டார்.

"ஒரு சந்தேகம் சார். இந்தப் பக்கம் வாகை மரம் எங்க இருக்கு?"

ரேஞ்சர் முகம் மலர்ந்தது. காட்டைப் பற்றிக் கேட்டால் அவருக்கு எல்லாம் மறந்துபோகும். "கீழ எல்லாத்தையும் எப்பவோ வெட்டி வித்துட்டாங்க, மேடம். மேல் பள்ளத்தாக்குல மட்டும்தான் இருக்கு, குட்டையைச் சுத்தி. நான் வந்தப்புறம் ஒரு கிளையைத் தொட விட்டதில்ல. மழை முடிஞ்சு புல்லு காஞ்சதும் மான் தழைக்குப் போகும். தழையும் உதிர்ந்தா பட்டை, சருகு, கீழ விழற நெற்று. அந்த வாகைதான் கோடையில அதுங்களுக்குச் சோறு போடுது. அதுவும் இந்த வருஷம் பத்தல. பாத்தா வயிறு எரியும்."

"நான் போய்ப் பாக்கலாமா?"

"தீப்பிடிக்கிற காலம். கேட்டைப் பூட்டி ரெண்டு மாசமாச்சு. ஒரு வண்டி உள்ள போக முடியாது. சாவி என்கிட்ட மட்டும்தான்," என்று இடுப்பைத் தட்டினார். கொத்து கலகலத்தது.

"ரொம்ப நன்றி சார். நாலு மணிக்குப் பெரியவர் வந்ததும் பேசலாம்."

நான்கு பத்துக்குப் பெரிய அதிகாரி வந்தார். நரைத்த மீசை, குறைந்த பேச்சு. மேஜையில் பாட்டில்கள். ஒரு பக்கம் தோட்டக்காரரும் அக்காளும். இன்னொரு பக்கம், கன்னம் வீங்கிய விடுதிக்காரர். ரேஞ்சர் நிமிர்ந்து நின்றார்.

"சுருக்கமாச் சொல்லுங்க. என்ன விஷம்?"

"விஷமே இல்ல சார்," என்றாள் டாக்டர்.

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் காத்திருந்தாள்.

"இவர் வீட்டு நாய் வயிறு முட்ட அந்தக் குடலைத் தின்னுச்சு. மான் வயித்துல கொல்ற அளவுக்கு மருந்து இருந்தா நாய் இந்நேரம் போயிருக்கும். அது இப்பவும் குறட்டை விட்டுட்டுத்தான் இருக்கு. நீலத் தாள் சிவப்பாச்சு, உங்க கார்டே சாட்சி. வயிறு முழுக்கப் புளிப்பு. கொன்னது சோளம். வெறும் சோளம்."

"சோளம் தின்னா மான் சாகுமா?" அதிகாரி விடுதிக்காரரைக் காட்டினார். "இவர் மூணு வருஷமா போடறாராமே."

"அதனாலதான் அந்த மானெல்லாம் உயிரோட இருக்கு. மான் தானா எதையும் செரிக்கறதில்ல சார். வயித்துக்குள்ள இருக்கற கிருமிங்கதான் செரிச்சுக் குடுக்கும். மழைக்காலத்துல புல்லுக்கு ஏத்த கிருமி, கோடையில பட்டைக்கும் சருகுக்கும் ஏத்த கிருமி. மாறறதுக்கு வாரக்கணக்குல ஆகும். விடுதி மான் தினம் தின்னு பழகினது. ரெண்டு மாசமா பட்டையைக் கடிச்சுட்டு இருந்த மான் ஒரே வேளையில படிக்கணக்குல சோளம் தின்னா, வயிறு தயிர்ப்பானை மாதிரி புளிச்சிடும். தாகம் எடுக்கும். தண்ணியைத் தேடிப் போய்ச் சேத்துல நின்னு குடிச்சுக் குடிச்சே விழும். அந்த மூணுக்கும் முழங்கால் வரைக்கும் சேறு இருக்கு. வேலியோரத்துல சேறு இல்ல, புழுதிதான். அங்க சாகல. கொண்டுவந்து போட்டிருக்காங்க."

"யாரு?" என்றார் தோட்டக்காரர். அக்காள் அவர் காலை மிதித்தாள்.

"அதுக்குத்தான் வர்றேன். இவர் தோட்டத்துக்கு வர்ற மானோட புழுக்கை பச்சை. அவரைத் தழை. செத்ததுங்க வயித்துல ஒரு பச்சைத் துணுக்கு இல்ல. அதுங்க இந்தத் தோட்டத்தைக் கண்ணாலயும் பாக்கல. இவர் வீட்டுல இருக்கறது உடைச்ச சோளம், வயித்துல இருக்கறது முழுச் சோளம்." அவள் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "எல்லாரும் சோளத்தையே பாத்தாங்க. பக்கத்துல இருக்கற நெற்றை யாரும் பாக்கல. மான் அவசரமா முழுங்கும், அப்புறம் ஒதுங்கிப் படுத்து அசை போடும். முன்னாடி தின்ன பட்டையெல்லாம் பாருங்க, அசை போட்டுக் கூழாயிருக்கு. சோளமும் வாகை நெற்றும் மட்டும் முழுசா இருக்கு. நோவு வந்ததும் அசை போடறது நின்னுபோச்சு. அப்படின்னா ரெண்டையும் ஒரே எடத்துல, ஒரே வேளையில தின்னிருக்கு. சோளம் கெடந்தது வாகை மரத்தடியில."

அதிகாரி மெல்லத் திரும்பி ரேஞ்சரைப் பார்த்தார்.

"வாகை மேல் பள்ளத்தாக்குல மட்டும்தான் இருக்கு, குட்டையைச் சுத்தி. இதை எனக்குச் சொன்னது சார்தான்," என்றாள் டாக்டர்.

"யார் வேணும்னாலும் நடந்து போயிருக்கலாமே!" என்றார் ரேஞ்சர்.

"போகலாம். சோள மூட்டையைத் தலையில சுமந்துட்டுகூடப் போகலாம். மூணு மானைத் தலையில சுமந்துட்டு எறங்க முடியாது சார். வண்டி வேணும். வண்டிக்குக் கேட் தெறக்கணும். கேட்டுக்குச் சாவி வேணும். காலையில யாரும் கூப்பிடறதுக்கு முன்னாடியே உங்க ஜீப் வேலிக்கு வந்துடுச்சு. அறுக்காமலே எரிச்சிடலாம்னு சொன்னீங்க."

ரேஞ்சரின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்து இப்போது சத்தமே போடவில்லை.

டாக்டருக்கு அந்த நிமிஷத்தில் கோபம் பொங்கியது. தன் மாமாவை ஏழு வருஷம் உள்ளே தள்ளப் பார்த்த மனிதர். ஆனால் கோபப்பட நேரமில்லை. காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு கேள்வி.

"ஏன் போட்டீங்கன்னு நான் கேக்கல. அதைப் பெரியவர் கேட்பார். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மிச்சச் சோளம் எங்க?"

ரேஞ்சர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "எலும்பும் தோலுமா நின்னுச்சுங்க, சார். கணக்கெடுப்பு வேற வருது. விடுதி மானைப் பாத்தேன், நம்மளதுக்கும் போட்டா தேறிடும்னு மூணு மூட்டை வாங்கிட்டுப் போனேன். நேத்து சாயங்காலம் குட்டையோரம் மூணும் செத்துக் கெடந்துச்சு. அங்க போட்ட அந்த ஒரு மூட்டையிலதான் ஏதோ மருந்து பட்டிருக்குன்னு நெனச்சேன். அங்க இருந்ததை அள்ளி எரிச்சிட்டேன். பயத்துல, இவர் டீக்கடையில கத்தினது ஞாபகம் வந்து, ராத்திரியே மூணையும் காலி சாக்கோட இவர் வேலியோரம் போட்டுட்டேன்... புத்தி கெட்டுப் போச்சு."

"மத்த ரெண்டு மூட்டை?"

"மேல ரெண்டு மரத்தடியில. அது நல்ல சோளம்னு விட்டுட்டேன். நேத்து வரைக்கும் மேல் கூட்டம் எறங்கி வரல. இன்னைக்கு..." அவர் முகம் வெளுத்தது. "மேடம், அதுவும் கொல்லுமா?"

"அதுவும் கொல்லும். நல்ல சோளம்தான் கொல்லுது."

அதிகாரி உத்தரவு போடுவதற்கு முன்பே ரேஞ்சர் ஜீப்பை நோக்கி ஓடினார். அதிகாரி எழுந்து மீசையைத் தடவினார். "சஸ்பென்ஷன், கேஸ் எல்லாம் எறங்கி வந்ததும். முதல்ல மலைக்குப் போவோம். யாருகிட்டயாவது விளக்குமாறு இருக்கா?"

"எங்க வீட்டுல நாலு இருக்கு," என்றாள் அக்காள்.

ரேஞ்சர் கேட்டின் பூட்டைத் திறந்தார். முதல் மரத்தடியில் குவியல் கலையாமல் இருந்தது. அதை அள்ளிச் சாக்கில் கட்டிவிட்டு இரண்டாவது மரத்துக்கு ஏறினார்கள். அங்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சரிவில் சருகு சரசரத்தது. மேல் கூட்டம் முழுவதும் இறங்கி வந்துகொண்டிருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தன. முன்னால் வந்த பிணைமான் குவியலுக்கு மூக்கை நீட்டிவிட்டது. ஜீப்புக்கும் மரத்துக்கும் நடுவில் பாறைமேடு, ஓடினாலும் எட்டாது.

தோட்டக்காரர் ஜீப்பின் மேல் ஏறி நின்றார். கையில் விளக்குமாறு. மூன்று மாதம் பந்தலடியில் பழகிய தொண்டை.

"ஏய்! ஓடிப் போயிடுங்க! விஷம் வெச்சிருவேன்! ஒவ்வொண்ணா தீர்த்துடுவேன்!"

பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. கூட்டம் மொத்தமும் வாலைத் தூக்கிக்கொண்டு மலை மேல் பறந்தது. ஒரு மணி சோளம்கூட எந்த வாய்க்கும் போகவில்லை.

டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, பெரிய அதிகாரி முன்னாடியே சொல்லிட்டீங்களே."

"சொன்னா என்ன?" என்றார் அவர், இறங்கி முழங்காலிட்டுச் சோளத்தைப் பெருக்கிக்கொண்டே. "இன்னைக்குப் பொழைச்சதுங்க எல்லாம் அடுத்த மழைக்கு என் அவரையைத்தான் மேயப் போகுது. அப்பவும் இதையேதான் சொல்லுவேன்."

ரேஞ்சர் அவருக்கு எதிரே மண்டியிட்டு, பாறை இடுக்கில் விழுந்த மணிகளை ஒவ்வொன்றாக விரலால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. தோட்டக்காரர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் கையிலிருந்த விளக்குமாற்றை அவர் பக்கம் தள்ளிவிட்டு, வெறுங்கையால் அள்ள ஆரம்பித்தார்.